பாகம் பிரித்த துருவாலி

அண்ணன் சிவப்பு மீன்கள் இருந்த தொட்டியைக் கேட்டபோது அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு, துண்டில் கையைத் துடைத்தபடி, "சரி, எடுத்துக்க" என்றாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் அவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்ததில்லை.

பாகம் பிரித்துவைக்க வந்திருந்த பெரியப்பாவுக்கே ஏமாற்றம். நல்ல சண்டையாக ஒன்று பார்க்கலாம் என்று மதியத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"என்னம்மா, யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிக்க என்ன இருக்கு பெரியப்பா. மூத்தவன். பிடிச்சதை எடுத்துக்கட்டும்."

சந்தைக்குப் போகிற சாதாரண ட்ரவுட் மீன்களுக்குப் பண்ணையில் நீளத் தொட்டிகள் இருந்தன. அவற்றைப் பிரிப்பதில் தகராறு ஏதும் வரவில்லை. பேச்சு முழுக்க, கொட்டகை ஓரமாக இருந்த இரண்டு வட்டத் தொட்டிகளில் நீந்திக்கொண்டிருந்த துருவாலிகளைப் பற்றித்தான். துருவாலியும் ட்ரவுட்தான். ஆனால் வீட்டுக்குப் பின்னால், அருவிக்கு மேலே ஓடுகிற அந்த ஒரே ஓடையில் மட்டும் பிறந்து பெருகிய ட்ரவுட். மழையில் கிடந்த ஆணியின் நிறத்தில் வால். உடம்பில் பொட்டுகள் கொஞ்சம்தான், அவையும் யாரோ அவசரத்தில் மையை உதறியதுபோல் இருக்கும். மேலே சாலையை அகலப்படுத்தியபோது சரிந்த மண் ஓடையின் கூழாங்கற்களை மூடிவிட்டது. முட்டையிட இடமில்லாமல் போய், ஓடையில் துருவாலி அற்றுப்போனது. அப்பா முன்பே பிடித்து வளர்த்தவை மட்டும் இந்த இரண்டு தொட்டிகளில் மிச்சம். வேறெங்கும் கிடையாது.

இரண்டு தொட்டி எதற்கு என்று அண்ணன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முட்டைப் பருவம் நெருங்கும்போது ஆண் மீன்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும். பெண்களையும் நிம்மதியாக விடாது. அதனால் அந்த மாதங்களில் ஆணெல்லாம் வலது தொட்டியில், பெண்ணெல்லாம் இடது தொட்டியில். அப்பா படுக்கையில் கிடந்ததால் அந்த வருடம் பிரித்துவிட்டதும் அவள்தான். அந்தப் பருவத்தில் ஆணுக்கு மாப்பிள்ளைக் களை வந்துவிடும். விலா சிவந்து, தாடை கொக்கிபோல் வளைந்து, பார்க்கவே மிடுக்காக இருக்கும். பெண் சாம்பல் பூத்து, வயிறு மட்டும் லேசாகக் கனத்து, மூலையில் கிடக்கும்.

அண்ணி இரண்டு தொட்டிகளையும் எட்டிப் பார்த்தாள். "இதுங்க எவ்வளவு அழகு, பாருங்க. அதுங்க என்ன, அழுது வடியுதுங்க."

"வலது தொட்டி எனக்கு" என்றான் அண்ணன்.

பெரியப்பா தலையசைத்தார். நடுவில் கம்பிவலை அடிப்பதென்று முடிவாயிற்று. உலகத்தின் கடைசித் துருவாலிகளில் ஆணெல்லாம் அண்ணன் வீட்டோடும் பெண்ணெல்லாம் தங்கை வீட்டோடும் போய்ச் சேர்ந்தன. அது தெரிந்த ஒரே ஆள், அன்று எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கறுவிக்கொண்டிருந்தது ஒரு சொல்லுக்காக. அப்பா இறந்த வாரம், துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னான்: "பண்ணை முழுக்க அப்பாதான். தங்கச்சி சும்மா கூடமாட இருந்தா." இவன் நகரத்தில் குடைக் கடையில் நின்று, வெயிலடித்தால் முகம் சுருங்கியும் மழை பெய்தால் சிரித்தும் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஊற்றுத் தண்ணீரின் குளிரில் விரல் வெடித்தது யாருக்கு? அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு அவர் ஒரு முட்டையைக்கூடத் தொட்டதில்லை. வந்தவர்களும் 'பாவம், கூடமாட இருந்திருக்கா' என்று அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

கூடமாட. செருப்புக்குள் போன கல்லைப்போல அந்தச் சொல் ஒவ்வொரு அடியிலும் உறுத்தியது.

ஆகவே அவள் காத்திருந்தாள். அண்ணன் ஒரு நாள் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "இந்தப் பண்ணைய நடத்துனது நீதான். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ பாத்துச் செய்" என்று நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும். தீவனம் தூவும்போது அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்ப்பாள். சில நாள் அதில் அவன் அழுவான். சில நாள் மழையில் குடையில்லாமல் நிற்பான்.

ஆரம்பத்தில் எல்லாம் தேனாக நடந்தது. அண்ணன் தினமும் காலையில் தொட்டி ஓரம் குந்தி, மீன்களின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி வலை ஓரமாக வந்து, "ஏம்மா, எப்பத்தான் முட்டை போடும்?" என்று கேட்டாள்.

"போடும் அண்ணி. அதுக்கும் மனசு வரணும்ல."

தீவன வண்டி ஓட்டுகிறவனை அந்த வட்டாரத்துப் பண்ணைகளில் எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பண்ணையில் இருமினால் அடுத்த பண்ணைக்கு அவன் ஒலிபரப்பிவிடுவான். அவனிடம் மட்டும் அவள் விஷயத்தைச் சொன்னாள், யாரிடமும் சொல்லாதே என்ற எச்சரிக்கையோடு. அந்த எச்சரிக்கை இருந்தால் அவன் இன்னும் வேகமாக வேலை செய்வான்.

"எல்லாமே ஆம்பளையா?" ரேடியோ மூட்டையைக் கீழே வைத்துவிட்டான். "அக்கா, அவரு நேத்துகூட என்கிட்ட, குஞ்சு பொரிஞ்சா எந்தத் தீவனம் நல்லதுன்னு கேட்டாரே."

"நீ என்ன சொன்ன?"

"ரெண்டு மூட்டை குடுத்துட்டு வந்துட்டேன்."

அவள் சிரித்த சிரிப்பில் புரையேறியது. அந்த வாரக் கடைசிக்குள் அண்ணனின் பாதிக்கு ஊரில் 'ஆண்கள் விடுதி' என்று பெயர் வந்துவிட்டது. கடைத்தெருவில் யாரோ அவனிடம் விடுதியில் இடம் காலி இருக்கிறதா என்று கேட்டபோதுதான் அவனுக்கு விஷயமே தெரிந்தது. நேராக வீட்டுக்கு வந்து வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"பெரியப்பா முன்னாடி ஏன் சொல்லல?"

"கூடமாட இருக்கறவளுக்கு என்ன தெரியும், நான் என்னத்தைச் சொல்றது?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வந்து கெஞ்சுவான் என்று அவள் எதிர்பார்த்திருக்க, அவன் முறுக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து பேச்செல்லாம் ரேடியோ வழியாகத்தான். ஆண் மீன் வேண்டுமென்றால் அவள் வந்து கேட்கட்டும் என்று அங்கிருந்து செய்தி வரும். முட்டை வேண்டுமென்றால் அவன் வந்து கேட்கட்டும் என்று இங்கிருந்து போகும்.

"நீங்க ரெண்டு பேரும் கேக்கறதுக்குள்ள அதுங்களுக்கு வயசாயிரும் அக்கா" என்றான் ரேடியோ.

அவன் விளையாட்டாகச் சொன்னது உண்மை. பெண் மீன்களில் பெரும்பாலானவை கிழம். அவற்றில் பலவற்றுக்கு இதுதான் கடைசிப் பருவம். ஒரு நாள் காலை அவள் ஒன்றைத் தூக்கி வயிற்றை வருடினாள். உள்ளே முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நழுவின. முற்றிவிட்டது. இனி ஒரு வாரம் தாங்கினால் பெரிது. அதற்குள் பிழிந்து எடுக்காவிட்டால் முட்டை வயிற்றுக்குள்ளேயே கெட்டுப்போகும்.

அன்று மாலை அண்ணி வந்தாள், வலையைச் சுற்றிக்கொண்டு, வாசல் வழியாக. "பாதி முட்டை எங்களுக்கு, பாதி உனக்கு. ஆண் மீன் எங்களோடது. நீயும் கேக்க வேணாம், அவரும் கேக்க வேணாம். நான் கேட்டதா வச்சுக்க."

அவள் ஒத்துக்கொண்டாள். நினைத்த காட்சி கிடைக்கவில்லை. மீன்களுக்காக என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் கொட்டகையில், வலைக்கு இந்தப் பக்கம் ஒரு மேசை, அந்தப் பக்கம் ஒரு மேசை. ட்ரவுட் முட்டையைச் சேர்ப்பதில் ஒரே ஒரு விதி உண்டு. எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். கை, கிண்ணம், மீனின் வயிறு, வால் எல்லாம். பெண்ணின் வயிற்றை வருடினால் முட்டைகள் செம்மஞ்சள் மணிகளாகக் கிண்ணத்தில் கொட்டும். அதன்மேல் ஆணின் பால், அதாவது விந்து, சில துளி. ஒரு பறவை இறகால் கலக்கிய பிறகுதான் தண்ணீர். தண்ணீர் முதலில் பட்டுவிட்டால் முட்டையின் கண்ணுக்குத் தெரியாத வாசல் மூடிக்கொள்ளும். பாலோ தண்ணீர் பட்டதும் விழித்து, ஒரு நிமிடம்கூட ஓடாமல் செத்துவிடும். மீனுக்குத் தண்ணீரே எமனாகிற வேலை அது ஒன்றுதான்.

இன்னும் முற்றாத மூன்றைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு, முற்றிய மீன்களை அவளே பிழிந்து, முட்டைகளைச் சரிபாதியாக இரண்டு கிண்ணங்களில் பிரித்தாள். ஒரு கிண்ணத்தை வலைக்கு மேலாக நீட்டினாள். ஒரு மீனை மட்டும் தன் கிண்ணத்துக்கென்று கடைசியாக வைத்திருந்தாள்.

"இதையும் நானே செஞ்சு தரவா?" என்று கேட்டாள். கேட்டுத்தான் விட்டாள். அதை அவள் பின்னால் பலமுறை தனக்கு நினைவூட்டிக்கொண்டாள்.

"வேணாம். அப்பா செஞ்சதைச் சின்ன வயசுல ஜன்னல் வழியா நூறு தடவை பாத்திருக்கேன்" என்றான் அண்ணன். பிறகு கொட்டகைக்கே கேட்கும்படி, "இது என்ன பெரிய வித்தையா" என்றான்.

ஜன்னல் வழியாக அவன் பார்த்தது கடைசிக் கட்டத்தை, அப்பா கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவதை. அதனால் இப்போது முதல் வேலையாக ஒரு செம்பு தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினான். பாவம், மீன் முட்டை என்பதால் நிறையவே ஊற்றினான்.

ஒரு வார்த்தை போதும். 'தண்ணி வேண்டாம்.' தண்ணீர் பட்ட முட்டை போனால் போகட்டும், தன் கிண்ணத்திலிருந்து இன்னொரு பாதியைத் தந்திருக்கலாம். அவள் கையில், தன் கிண்ணத்துக்கென்று வைத்திருந்த அந்தப் பெண் மீன் துடித்துக்கொண்டிருந்தது. கண்கள் வலைக்கு அந்தப் பக்கம் இருந்தன. அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஈரத் தொட்டியிலிருந்து ஈர ஆண் மீனை எடுத்து, ஈரக் கையால், தண்ணீர் நிறைந்த கிண்ணத்துக்கு மேல் பிழிந்தான். பால் மேகம்போல் தண்ணீரில் விரிந்தது. அண்ணி பக்கத்தில் பெருமையோடு நின்றாள். இப்படி ஓர் அழகான காட்சியைத் தங்கை தன் கற்பனையில்கூட ஓட்டியதில்லை. அவள் மீனின் வயிற்றை வருடிக்கொண்டே, வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். உடம்பெல்லாம் இனித்தது.

பிறகு அண்ணி வலைக்கு மேலாக நீட்டிய ஆண் மீனைத் துடைத்துப் பிழிந்து, தன் கிண்ணத்துக்குப் பால் சேர்த்து, இறகால் கலக்கி, தட்டில் பரப்பி, ஓடும் தண்ணீரில் வைத்தாள். துணியை எடுக்கும்போதுதான் தன் இடது சட்டைக் கையை மடிக்கவே இல்லை என்பது தெரிந்தது. நுனி சொட்டச் சொட்ட ஈரம். எத்தனை நேரமாகச் சொட்டுகிறது, எங்கே சொட்டியது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அந்தக் கிண்ணத்தையே பார்க்கவில்லையே.

சின்ன ஈரம்தான், ஒன்றும் ஆகாது என்று அடுத்த இரண்டு வாரமும் சொல்லிக்கொண்டாள்.

முட்டை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வினிகர் போதும். சில முட்டைகளை அதில் போட்டால், உயிர் ஊன்றிய முட்டைக்குள் வெள்ளை நூல்போல் ஒரு கோடு தெரியும். இல்லையென்றால் வெறும் மணி. அண்ணன் தன் முட்டைகளை ஒரு கண்ணாடித் தம்ளரில் எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்கே வந்துவிட்டான். கூடவே அண்ணி. தீவனம் இறக்க வந்த ரேடியோ, இப்படி ஒன்று நடக்கும்போது வண்டியிலேயே உட்கார்ந்திருப்பானா, அவனும் கதவோரம் வந்து நின்றான்.

இரண்டு தம்ளர், இரண்டிலும் வினிகர். நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள். அண்ணனின் தம்ளரில் ஒரு கோடும் இல்லை. அவளுடையதிலும் இல்லை. அவள் இன்னும் ஒரு கை முட்டையை எடுத்துவந்து போட்டாள். அவையும் வெறும் மணிகளாகவே கிடந்தன.

பிறகு அண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னான்.

"விடு. இத்தனை வருஷம் இந்தப் பண்ணைய நடத்துனவ நீ. அப்பாகூட கடைசில உன்னை நம்பித்தான் படுத்திருந்தார். உன் கையிலயே நிக்கலன்னா, அந்த மீனுக்குக் குடுத்து வைக்கல, அவ்வளவுதான். உன் மேல தப்பில்ல."

அவள் கேட்க விரும்பிய வார்த்தைகள், ஏறத்தாழ வரிசை மாறாமல். நாலு பேர் முன்னால். கதவோரத்தில் ரேடியோ வேறு. நாளைக்கு எல்லாப் பண்ணைக்கும் போய்விடும், தங்கை தோற்றதும் அண்ணன் பெரிய மனதோடு தேற்றியதும். அவன் கையை அவள் தோளில் வைத்தபோது அவளுக்குச் சுட்டது. மழையில் நிற்க வேண்டியவன் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தான்.

"என் மேல தப்பில்ல" என்றாள். "உன் கிண்ணத்தைக் கெடுத்தது நீ. தண்ணியை முதல்ல ஊத்துன. அப்பவே செத்துப்போச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

அண்ணனின் கை தோளிலிருந்து இறங்கியது. "பாத்துக்கிட்டு நின்னியா?"

"பெரிய வித்தையான்னு கேட்டியே."

அவன் அவளையே பார்த்தான். பேசியது அண்ணிதான், குரலை உயர்த்தாமல்.

"சரி. உன் கிண்ணத்தை யாரும்மா பாத்துக்கிட்டு நின்னா?"

அவள் இடது சட்டைக் கையை இறுக்கி மடித்துக்கொண்டாள். ரேடியோ தரையைப் பார்த்தான். அண்ணன் எழுந்தான், நாற்காலியை அதன் இடத்தில் ஒழுங்காகப் போட்டுவிட்டு வெளியே போனான். அவன் நடையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடினாள்.

அவள் வலையைச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் அவன் வலது தொட்டிக்கு நடுவில் நிற்கும் குழாயைப் பிடுங்கிவிட்டிருந்தான். தொட்டியில் தண்ணீரைத் தேக்கி வைப்பதே அந்தக் குழாய்தான். அதை எடுத்தால் அடித் துளை வழியாக எல்லாம் வாய்க்காலுக்குப் போய்விடும். தண்ணீர் சுழன்று இறங்கியது. சிவந்த முதுகுகள் வெளியே தெரிந்தன.

"என் மீனு" என்றான். "என் பாகம். என்ன வேணா செய்வேன்."

"அண்ணா, இன்னும் மூணு பொண்ணு முத்தாம இருக்கு. அடுத்த வாரம் முத்திரும். இதுங்க போச்சுன்னா அதுங்களும் வீண்."

"நீயும் பாத்துக்கிட்டு நில்லு."

அவள் நிற்கவில்லை. தொட்டிக்குள் குதித்து, செருப்போடு குதிகாலை அந்தத் துளையின்மேல் அழுத்திக்கொண்டாள். உறிஞ்சுகிற வேகம் காலைப் பிடித்து இழுத்தது. குளிர் எலும்புக்குள் ஏறியது. முழங்கால் அளவுகூட மிச்சமில்லாத தண்ணீரில் ஆண் மீன்கள் அவள் கணுக்காலைச் சுற்றி மோதிக்கொண்டு புரண்டன. குழாய் அண்ணன் கையில் இருந்தது. அவன் அதை ஊன்றுகோல்போல் பிடித்துக்கொண்டு மேலே நின்றான்.

"குடு" என்றாள்.

"யார்கிட்ட பேசற?"

"குடு அண்ணா."

"கேக்கல."

வாசலில் ரேடியோவும் அண்ணியும் வந்து நின்றிருந்தார்கள். அவள் காலுக்கடியில் தண்ணீர் இன்னும் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து, அந்த வாலை ஒரே ஒருமுறை தரையில் அடித்தது.

"தெரியாம பண்ணிட்டேன் அண்ணா. கெஞ்சிக் கேக்கறேன். குழாயைக் குடு" என்றாள், வண்டிவரைக்கும் கேட்கும்படி.

அவன் அந்த வார்த்தைகளைக் கொஞ்ச நேரம் நாவில் வைத்திருந்தான். அவள் அவசரப்படுத்தவில்லை. அந்த ருசி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிறகு அவன் குனிந்து குழாயை நீட்டினான். அவள் காலை எடுத்து, கண்மூடித் திறப்பதற்குள் அதைத் துளையில் செருகி, இரண்டு கையாலும் அழுத்தினாள். ஊற்றுத் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. தொட்டி மெல்ல நிறையத் தொடங்கியது. சாய்ந்த மீனை அவள் உள்ளங்கையில் நிமிர்த்திப் பிடித்தாள். செவுள் அசைந்தது.

"அடுத்த வாரம் நான் இங்க வர்றேன்" என்றாள், மேலே பார்க்காமல். "மூணு மீனையும் எடுத்துக்கிட்டு. எல்லாத்தையும் நானே செய்யறேன். பாதி உனக்கு."

"சரி" என்றான் அண்ணன். அவன் குரலில் திருப்தி இருந்தது.

இருக்கட்டும் என்று நினைத்தாள். மூன்று மீன்களும் முற்றட்டும், முட்டையில் வெள்ளைக் கோடு விழட்டும், குஞ்சுகள் தலைதூக்கி நீந்தட்டும். அதுவரைக்கும் அண்ணா என்றே கூப்பிடுவாள், தலையைக் குனிந்தே நடப்பாள். பல் கிடுகிடுக்க, கையில் பிடித்த மீன் நழுவாமல், தண்ணீர் இடுப்புக்கு ஏறும்வரை அவள் அங்கேயே நின்று, அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.